ஷூ மட்டும் வரவில்லை

என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அது முழு உண்மை இல்லை. நான் கடையோடு மாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாமனார் என்னை மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போய், அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களைக் காட்டி, "சும்மா ஒரு மாசம் பாருங்க மாப்பிள்ளை. பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்றார். பிடித்ததா இல்லையா என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. என் தலை அந்த மாடியிலேயே நரைத்தது.

கடைக்கென்று ஒரு பெயர் இருந்தது. பலகையில் பெரிதாக எழுதியும் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். 'நாலுமாடி' என்பார்கள். அதைவிட உயரமான கட்டிடங்கள் அக்கம்பக்கத்தில் எழும்பி நின்ற பிறகும் நாலுமாடி என்றால் அது எங்கள் கடைதான். கீழே துணிமணி, அதற்கு மேல் பிள்ளைகள் சாமான், அதற்கு மேல் என் பாத்திரமும் படுக்கை விரிப்பும், உச்சியில் மேஜை நாற்காலி, மின் சாமான்கள். அங்கேயே ஒரு மூலையில் ஐஸ்கிரீமும் காபியும் விற்கிற சின்னக் கூடம் ஒன்று இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே தெரியும். பெண் பார்க்கிற பேச்சிலிருந்து பாகம் பிரிக்கிற சண்டை வரை பலதும் அந்த ஜன்னலோர மேஜைகளில் நடந்திருக்கிறது.

மாமா அதை ஒற்றை ஷட்டர் கடையில் பொத்தானும் நூலும் விற்று ஆரம்பித்தவர். பக்கத்துக் கடையை வாங்கினார், சுவரை இடித்தார். அதற்கடுத்ததை வாங்கினார், அந்தச் சுவரையும் இடித்தார். இனி இடிக்கச் சுவர் இல்லை என்றானதும் மேலே கட்ட ஆரம்பித்தார். இந்த வட்டாரத்திலேயே முதல் லிஃப்ட் எங்களுடையது. அதில் ஏறி இறங்குவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருவார்கள், ஒரு கைக்குட்டையாவது வாங்காமல் போகக் கூச்சப்பட்டு வாங்கிப் போவார்கள். அப்புறம் நகரும் படி வந்தது. அதில் கால் வைக்கப் பயந்து, வைத்த பிறகு எடுக்கப் பயந்து, கடவுளையெல்லாம் கூப்பிட்டவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுற்றியிருந்த மூன்று ஊர்களில் கிளைகள் திறந்தோம். சாமான் தயாரிக்கிற கம்பெனிக்காரர்கள் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமாவின் அறை வாசலில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களிடம் ஒரு அலமாரி இடம் கிடைத்தால் ஊரில் தலையெடுத்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு.

இதெல்லாம் எதனால் நடந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். மாமா நிற்கிற இடம்.

மற்ற முதலாளிகள் கல்லாவில் உட்காருவார்கள். மாமா வெளியே போகிற கதவருகில் நிற்பார். உள்ளே வருகிற கதவில் நிற்கமாட்டார். "வரும்போது எல்லாக் கடைக்காரனும்தான் இளிப்பான். போகும்போது யாரு பார்க்கிறா?" என்பார். போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "எல்லாம் கிடைச்சுதா?" என்று கேட்பார். ஏதாவது கிடைக்கவில்லை என்றால் அது எந்தத் தெருவில் எந்தக் கடையில் இருக்கும் என்று சொல்லி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் கை நீட்டிக் காட்டி அனுப்புவார். கடையில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் பாடம் அதுதான். இல்லாததை இல்லை என்று சொல், இருக்கிற இடத்தைக் காட்டு. வந்த ஆளை வெறுங்கையோடு தெருவில் விடாதே.

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் கடை வளர்ந்தது. எது வேண்டுமென்றாலும் முதலில் நாலுமாடிக்குப் போ, அங்கே இல்லையென்றால் பெரியவரே வழி சொல்வார் என்று ஊருக்குப் பழகிவிட்டது. முதலில் எங்கள் வாசலை மிதித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த வாசலுக்குப் போகவேண்டிய அவசியமே இருக்காது. எங்களிடம்தான் எல்லாம் இருந்ததே!

எல்லாம் இருக்கும்வரை அது சரியாகத்தான் ஓடியது.

புறவழிச்சாலையில் மால் வந்தது. கையிலிருக்கிற போனுக்குள் இன்னொரு கடைவீதி வந்தது. கிளைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒன்று வங்கியானது, ஒன்று உடற்பயிற்சிக் கூடமானது, மூன்றாவது இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. உச்சி மாடியில் விளக்கை அணைத்தோம். அடுத்து என் மாடியில் பாதி விளக்கை அணைத்தோம். லிஃப்டையும் நகரும் படியையும் நிறுத்தினோம். நின்றுபோன நகரும் படியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாதாரணப் படியைவிட அதில்தான் கால் அதிகம் கடுக்கும். வாரநாட்களில் கடை காற்று வாங்கியது. கம்பெனிக்காரர்கள் இப்போது மாலின் கொள்முதல் அதிகாரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு மிச்சம் மீதி வரும்.

மாமாவுக்கு இரண்டு மகன்கள், கடைக்குட்டியாக ஒரு மகள். மகள்தான் என் மனைவி. மச்சான்கள் இருவரும் கடை பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மூத்தவர் கட்டிட ஒப்பந்தக்காரர், சின்னவர் லாரி ஓட்டுகிறார், அதாவது நிறைய லாரிகளை ஓட்டவைக்கிறார். இவள் ஒருத்திதான் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு கடைக்கு வந்து, துணிக்கட்டுகளுக்கு நடுவில் தூங்கி வளர்ந்தவள். பிள்ளைகள் மாடி அவள் பொறுப்பு. பேருக்குத்தான் அந்த மாடி, கடையையே அவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சாப்பிடும்போதும் அவள் பேச்சு உள்ளாடை அளவைப் பற்றித்தான் இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்குக் கடை இருந்தது.

போன வருஷம் மச்சான்கள் கட்டிடத்தை வாங்க ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கப் போகிறானாம். கட்டிடம் மாமா பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். மாமா மகளைப் பார்த்தார். இவள் அண்ணன்களைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் திறக்கிற சீசன் வரைக்கும் குடுங்க. அதுல தேறலைன்னா நானே சாவியைக் கொண்டுவந்து தர்றேன்."

பெரிய மச்சான் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி, கடைசியா ஒரு தடவை பாரு. அப்புறம் அழக்கூடாது" என்றார்.

அந்த மாதங்களில் அவளைப் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு மாடி போதும், அதை ஒழுங்காக நடத்துவோம் என்றாள். மேல் மாடிகளில் கிடந்ததையெல்லாம் கீழே கொண்டுவந்தோம். சுவருக்கு வெள்ளையடித்தோம். ஷோகேஸ் கண்ணாடியைத் தானே நின்று துடைத்தாள். சீருடைத் துணியைத் தைக்கிற இடத்துக்கே போய்த் தையலை இழுத்துப் பார்த்து எடுத்து வந்தாள். பை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, ரெயின்கோட் எல்லாம் வந்து இறங்கின. ஷூ மட்டும் வரவில்லை.

ஷூதானே என்று நினைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். சட்டையை உத்தேசமாக வாங்கிவிடலாம், கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் அடுத்த வருஷத்துக்கு ஆகும். ஷூவைப் பிள்ளையின் காலில் மாட்டித்தான் வாங்க வேண்டும். பிள்ளை வந்தால் அம்மா வருவாள், அப்பா வருவார், தம்பி தங்கை வரும். ஷூ இருக்கிற கடையில்தான் பெற்றோர் மற்றதையெல்லாம் வாங்குவார்கள். எங்களுக்குத் தரவேண்டிய கம்பெனி, மாலின் ஆர்டரை முடித்துவிட்டுத்தான் உங்களுக்கு என்று கை விரித்துவிட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார்கள்.

அவள் விட்டுவிடவில்லை. வருகிற பிள்ளைகளின் காலை அளந்து வைத்துக்கொண்டு, சரக்கு வந்ததும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லச் சொன்னாள். ஊழியர்களைக் கூட்டி வைத்து, "இந்த ஒரு சீசனுக்கு மட்டும், இல்லாததுக்கு வெளிய யாருக்கும் வழி சொல்லாதீங்க. நாம தர்றோம்னு சொல்லுங்க. நாம தரத்தானே போறோம், பொய் இல்லையே" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். செய்யவும் செய்தார்கள். பெற்றோர்களும் ஒத்துக்கொண்டார்கள். அளவு கொடுத்துவிட்டு சந்தோஷமாகத்தான் கீழே இறங்கிப் போனார்கள்.

ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து மறுநாளே போன் வந்தது. "ஷூ வேண்டாங்க, வாங்கிட்டோம்." இன்னொன்று. "நாங்களும் வாங்கிட்டோம்." சிலர் சீருடையையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள், மாலில் ஷூவோடு சேர்த்து செட்டாகவே கிடைத்துவிட்டதாம். விலையில் ஏதோ விளையாடுகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள் இவள். ஒரு மதியம் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து மாலுக்குப் போனோம்.

போய் இறங்கினால், போர்டிகோவில் எங்கள் வேன் நிற்கிறது.

வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேன். பக்கவாட்டில் எங்கள் கடைப் பெயர் பச்சை எழுத்தில் இவ்வளவு பெரிதாக இருக்கும். அதிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மாவின் கையில் எங்கள் பை. எங்கள் டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்குங்க, தலை இடிச்சிடப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அட, மேடம்! நீங்களும் இங்கதானா? சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே."

"இவங்க யாரு?" என்றாள் இவள்.

"நம்ம கஸ்டமர்தான் மேடம். ஷூ கிடைக்கலையாம். டெலிவரிக்கு இந்தப் பக்கம்தானே போறே, அப்படியே மால்ல இறக்கிவிட்டுடுன்னு பெரியவர் சொன்னாரு."

"எத்தனை நாளா இது நடக்குது?"

"ஷூ வரலைன்னு சொன்னதுலேர்ந்து மேடம். ஒரு நாளைக்கு மூணு நாலு டிரிப்கூட ஆயிடுது."

"திரும்பக் கூட்டிட்டு வரச் சொல்லலையா?"

"சொன்னாரே! இவங்கதான் வர்றதில்ல. லேட்டாகும், சினிமா பாத்துட்டு வர்றோம்னு சொல்லிடறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, அந்த இடத்தில் அழவும் முடியாது. அவள் பாடுபட்டுப் பிடித்து வைத்த ஆட்களைச் சொந்த வண்டியில், சொந்த டீசலில், எதிராளியின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஒரே கடை உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாலுக்குள்ளே போகவும் இல்லை. வேனிலேயே ஏறி உட்கார்ந்தாள். "கடைக்குப் போங்க" என்று மட்டும் டிரைவரிடம் சொன்னாள்.

உச்சி மாடியில், மேஜைமேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்த அந்தப் பழைய காபிக் கூடத்தில் மாமாவை வரச் சொன்னாள். இரண்டு நாற்காலியை நான்தான் இறக்கித் தூசி தட்டினேன். மாமா படியேறி வந்து மூச்சு வாங்கினார்.

"அப்பா, ஷூ அடுத்த வாரம் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுமே."

"பின்ன ஏன் அவங்களை அங்க அனுப்புனீங்க?"

"அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்திடும்மா. அந்தப் புள்ள மொத நாள் பழைய ஷூவோட போவுமா? எல்லாம் கிடைச்சுதான்னு கேட்டேன், ஷூ இல்லேன்னாங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிச் சொல்லாம இருக்கிறது?"

"கேக்காம இருக்கலாமே."

மாமா, மகள் ஏதோ வேறு பாஷையில் பேசியதுபோல் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இறங்கிய குரலில் சொன்னாள்.

"இந்த சீசன் முடியிற வரைக்கும் நீங்க வீட்ல இருங்கப்பா."

"வீட்லயா?"

"ஆமாப்பா."

"நாளைலேர்ந்தா?"

"நாளைலேர்ந்துதான்."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவர் போன பிறகு அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, சட்டை மட்டும் நனைந்தது.

அவள் செய்தது சரி. அன்றும் சரி என்றுதான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் இன்னும் முன்னாலேயே செய்திருப்பார்கள்.

மறுநாள் முதல் வெளிக்கதவு காலியாக இருந்தது. போகிறவர்கள் பழக்க தோஷத்தில் அங்கே ஒரு கணம் நின்று, யாரும் இல்லை என்றதும் ஏதோ மறந்துவிட்டதுபோல் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள். "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். ஓய்வில் இருக்கிறார் என்று சொல்லச் சொல்லியிருந்தாள். ஓய்வென்றால் ஆஸ்பத்திரி என்று சிலர் அவர்களாகவே முடிவுகட்டி, பழம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நறுக்கிக் கொடுப்பாள். மாமா ஒன்றும் கேட்காமல் சாப்பிடுவார். தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஹாலில் தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் நான் வந்ததும், "கூட்டம் உண்டா மாப்பிள்ளை?" என்பார். "உண்டு மாமா" என்பேன். உண்மையாகவே இருந்தது.

ஏனென்றால் ஷூ வந்துவிட்டது. பள்ளிக்கூடத் திறப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள், ஏதோ தண்ணீர்ப் பஞ்சம் என்று. எங்களுக்கு அது யாரோ வேண்டிக்கொண்டு நடந்ததுபோல் அமைந்தது. லாரி வந்து நின்றதும் இவள் கத்தரிக்கோலோடு தெருவிலேயே இறங்கி முதல் பெட்டியைப் பிரித்தாள். அளவு கொடுத்துவிட்டு இன்னும் வெளியே வாங்காமல் இருந்தவர்களுக்குப் போன் போட்டோம். வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்றால், "வேண்டாங்க, நாங்களே வர்றோம், பெரியவனுக்கும் ஒண்ணு பாக்கணும்" என்றார்கள். வந்தார்கள்! மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் ஏழெட்டுப் பிள்ளைகள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாடி முழுக்கப் புது ரப்பர் வாசனை. எல்லோரும் ஷூ மாட்டிக்கொண்டு தடதடவென்று நடந்து பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரும் படியை ஓடவிட்டோம். அது ஒரு முக்கல் முக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. கீழே நின்றுகொண்டிருந்த இவள் வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு காலமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. காலியாகிவிட்ட என் மாடியில் நின்றுகொண்டு கைப்பிடிச் சுவருக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடைக்காகக் காலத்தை வீணடித்துவிட்டோமோ என்று எனக்குள் இருந்த அரிப்பெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது.

பள்ளிக்கூடங்கள் திறந்து, கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில் மச்சான்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமா அதே இஸ்திரிச் சட்டையில் மேஜையின் தலைப்பக்கத்தில் இருந்தார். பெரிய மச்சான் எங்கள் கணக்கைப் பார்த்தார், சின்ன மச்சானிடம் தள்ளினார். அவரும் பார்த்தார்.

"நான் எதிர்பார்க்கவே இல்ல" என்றார் பெரிய மச்சான். "உண்மையைச் சொல்றேன், நீ சாவியோட வருவேன்னுதான் நினைச்சேன். இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பாரு. அந்த ஆளுகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நம்ம லாரியை வேணா எடுத்துக்கோ" என்றார் சின்ன மச்சான். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இவள் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"வித்துடலாம்" என்றார் மாமா.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"அப்பா, நல்லாத்தான் ஓடியிருக்கு. இங்க பாருங்க" என்று பெரிய மச்சான் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"தெரியுது. நல்லாத்தான் பண்ணியிருக்கா. வித்துடலாம்."

என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. அவள் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களை வீட்ல உக்கார வச்சதுக்காகவாப்பா?"

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அந்த இடத்தில் இல்லையென்று சொல்லியிருப்பார். வயசாகிவிட்டது, ஊர் மாறிவிட்டது, உன் உடம்பைப் பார்த்துக்கொள், எத்தனையோ சொல்லலாம். எல்லாமே ஓரளவு உண்மையும்கூட. நான் மனதுக்குள் கெஞ்சினேன், மாமா, இந்த ஒரு தடவை மட்டும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுங்கள் என்று. மாமா யோசித்தார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

பெரிய மச்சான் திருப்பியிருந்த காகிதத்தை மாமா மடித்து வைத்தார்.

"கோபம் இல்ல. நீ பண்ணினதுதான் சரி. வீட்ல உக்காந்து நல்லா நினைச்சுப் பாத்தேன். நான் அங்க நின்னா கடை ஓடாது. நான் இல்லேன்னா ஓடுது. நான் இல்லாம ஓடுற கடை எனக்கு எதுக்கு? நீ கேட்டதால சொல்றேன். உங்கிட்ட எப்படி மறைக்கிறது?"

எனக்கு மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டவேண்டும் போலிருந்தது. உங்களுக்கு எதற்கு என்கிறீர்களே, இவளுக்கு வேண்டுமே! துணிக்கட்டுக்கு நடுவில் தூங்கிய பெண்ணுக்கு அது வேண்டுமே! முன்பின் தெரியாத பிள்ளை பழைய ஷூவோடு பள்ளிக்கூடம் போகுமே என்று வேன் அனுப்பிய மனுஷன், சொந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டாமா? இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அந்த மேஜையில் நாற்காலி உண்டு, வாய் கிடையாது. மச்சான்கள் சொன்னார்கள், அவர்கள்தான் அன்றைக்கு அதிசயமாக அவளுக்காகச் சண்டை போட்டார்கள். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்தால் ஒரே பிடி, அதுதான் அவர். சுவர் சுவராக இடித்துக் கடையை வளர்த்ததும் அந்தப் பிடிவாதம்தானே.

கடைசியில் இவள்தான் எழுந்து, "விடுங்கண்ணே. அப்பாவோட கடை" என்றாள்.

கட்டிடம் கைமாறியது. ஊழியர்களில் பாதிப் பேர் மாலில் சேர்ந்தார்கள். டிரைவரும் அங்கேதான், கேட்டால் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறார். இடிக்கும்போது ஊரே வந்து வேடிக்கை பார்த்ததாம். போனில் படம் பிடித்து, நாலுமாடி போச்சே என்று எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். கடைசியாக அங்கே எப்போது எதை வாங்கினீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்க்கவில்லை.

மனைவி இப்போது சீருடை தைக்கிற கம்பெனி ஒன்றில் அலுவலக வேலைக்குப் போகிறாள். நேரத்துக்குப் போகிறாள், நேரத்துக்கு வருகிறாள். வீட்டில் அளவைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். மாத்திரையை வேளைக்கு எடுத்து வைப்பாள், கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள், சட்டைக்கு அவள் கையாலேயே இஸ்திரி போடுவாள். "சாப்பிட வாங்க", "மாத்திரை இருக்கு", "ஃபேன் போடட்டுமா" என்பாள். அப்பா என்ற சொல் மட்டும் அவள் வாயில் வருவதில்லை. அந்த மேஜையில் 'அப்பாவோட கடை' என்றாளே, அதுதான் கடைசி. அவள் வேண்டுமென்றே செய்கிறாளா, வரவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் எனக்கில்லை.

போன வாரம் அவள் வேலைக்குப் போன பிறகு நானும் மாமாவும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மாமா."

"அவ என்னை அப்பான்னு கூப்பிடறதே இல்லையே. கவனிச்சீங்களா?"

அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் நான் டிவியைப் பார்த்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. இன்னிக்குக் காலைலகூட 'அப்பா எழுந்துட்டாரா'ன்னு எங்கிட்ட கேட்டாளே. புது வேலை, ஒரே டென்ஷன். உங்க காதுல விழுந்திருக்காது."

அவர் காது நன்றாகக் கேட்கும். கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தாலே திரும்பிப் பார்க்கிற காது அது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'பொய் சொல்லாதீங்க மாப்பிள்ளை' என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"அப்படியா? கேட்டாளா?" என்றார். "சரி, சரி." அப்புறம், கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே, "வேற என்ன கேட்டா?" என்றார்.